அக்காவின் சுருதிக்குக் கீபோர்டு

எங்கள் எஸ்டேட் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த தம்பி வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது என்னைச் சொன்னவர் பாட்டு எடுத்துக் கொடுக்கும் அக்கா. பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்று பசியாறிக்கொண்டிருந்த நேரம். என் கையில் மீகூன் சேமியாத் தட்டு இருந்தது.

"நீதான் ஆபீஸ்ல பார்க்காமலே டைப் அடிக்கிறியாமே, உன் வீட்டுக்காரரு சொன்னாரு. இது மட்டும் என்ன? அதே பத்து விரலுதான்."

"அது வேற, இது வேறக்கா."

"ரெண்டும் கீபோர்டுதானே லா" என்றார் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கணவரிடம் சண்டை போட்டேன். ஆனால் முடியாது என்று போன் செய்து சொல்லவும் இல்லை. எனக்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு அந்த வருடம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வழக்கமாக அதை டவுனில் பெரிய கோயிலில்தான் வைப்பார்கள். எங்கள் பக்கம் பிள்ளைகள் மூன்று பேர்தான் என்பதால், மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் பாதர், எஸ்டேட்டிலேயே வைத்துவிடலாம் என்றார். தொழிலாளர் லயத்து வீடுகளில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்து வேலையாட்கள். நாங்கள் கோலா சிலாங்கூரிலும் புக்கிட் ரோத்தானிலும் ரவாங்கிலும் தாமான் குடியிருப்பு வீடுகளில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை செம்பனைக்கு நடுவே கார் ஓட்டி அங்கே போகிறவர்கள். அத்தனை பேரும் வருவார்கள், பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது. வாசிக்க ஆள் இல்லாததால் அந்த ஈஸ்டருக்கு அங்கிள் பென் டிரைவில் பாட்டுகளைப் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். நல்ல பாடகர்கள், நல்ல இசை. ஜனங்கள் கை கட்டி நின்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் நிற்பது போல இருந்தது. என் மகள் வெள்ளை கவுன் போட்டு நடந்து போகும்போது பின்னால் அப்படி ஓர் அமைதி இருக்கக் கூடாது. மனிதர்கள் பாட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அலமாரியின் மேலே மகளுடைய கீபோர்டு இருந்தது. முதலாம் வகுப்பில் கேட்டு அழுது வாங்கி, சில வாரங்களில் விட்டுவிட்டாள். அதைத் துடைத்து சாப்பாட்டு மேசையில் வைத்து, கட்டைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒட்டிய பிறகு சந்தேகம் வந்தது. இரண்டு வீடியோவைப் பார்த்துச் சரிபார்த்தேன். இரண்டிலும் ஒன்றேதான் சொன்னார்கள். மூன்றாவதையும் பார்த்தேன்.

ஆப்பில் ஒரு வாரம் முயன்றேன். வலது கை மட்டும் ஓரளவு போனது. இடது கையைச் சேர்த்தால் இரண்டும் நின்றுவிடும். யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தால் நல்லது என்று டவுனில் கடை வரிசைக்கு மேல்மாடியில் இருக்கும் பியானோ வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித் தருகிறவர் சீனப் பெண், என்னைவிட வயதில் சிறியவர், கல்லூரி முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. முதல் நாள் என் பின்னால் எட்டிப் பார்த்து, பிள்ளை எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். வெளியே காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் தரையில் கால் எட்டுகிற ஒரே ஆள் நான்தான்.

அவருக்கு எங்கள் பாட்டுகள் தெரியாது. புதுநன்மைப் பூசைக்கு வேண்டியவை நான்கு: வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நற்கருணைப் பாடல், கடைசியில் நன்றிப் பாடல். அவற்றைப் போனில் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுக் கேட்டு எனக்காக எழுதிக் கொடுத்தார். தொடங்குகிறவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் வெள்ளைக் கட்டைகளுக்கு மாற்றினார். கறுப்பு அநேகமாக இல்லை. முதலில் நான்கு எண்ணு, பிறகு முன்னிசை வாசி, முடித்து மூச்சு விடு, அப்போது பாடகர்கள் சேர்ந்துகொள்வார்கள் என்றார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

சமையல் முடித்து, மகள் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்தில் எதிரே உட்கார்ந்து பழகினேன். சில நாள் மகளுடைய கணக்கைப் பார்க்காமல் இப்படி உட்கார்ந்திருப்பது சரிதானா என்று பாதியில் எழுந்து போய் அவள் கணக்கைப் பார்ப்பேன். அதில் தப்பு இருக்காது. திரும்பி வந்தால் என் கை எங்கே இருந்தது என்று எனக்கு மறந்திருக்கும்.

"அந்த மூணாவது வரி வந்தா எனக்கே பயமா இருக்கு" என்றார் கணவர். ரவாங்கில் தொழிற்சாலை வேலை அவருக்கு. வந்து சட்டையைக் கூட மாற்றாமல் நின்றுகொண்டிருப்பார். "நீ நிறுத்துற இடத்துல நானும் மூச்ச நிறுத்திடுறேன்."

"அப்ப உள்ள போங்க."

"அங்கயும் கேக்குதே."

மூன்றாவது வரி ஒரு நாள் நிற்காமல் போனது. நான்கு பாட்டும் ஓரளவு கைக்கு வந்த பிறகுதான் சிற்றாலயத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டேன். பாதர் வராத ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் மட்டும். பயிற்சிக்கு நல்ல நாள் என்று நினைத்தேன்.

வீட்டுக் கீபோர்டையே கொண்டுபோயிருந்தேன். மனத்துக்குள் எண்ணினேன். முன்னிசை தொடங்கினேன். பாதியில் இருக்கும்போதே அக்கா பாட ஆரம்பித்துவிட்டார். அவர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. புத்தகத்தைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், எடுத்துவிடுவார், ஜனங்கள் இரண்டாவது சொல்லில் சேர்ந்துகொள்வார்கள். என் கீபோர்டு ஓரிடத்தில் இருந்தது, அவர்கள் எல்லோரும் வேறிடத்தில் இருந்தார்கள். இரண்டு வானொலி நிலையங்களை ஒன்றாக வைத்தது போல இருந்தது. நான்தான் தப்பாக வாசிக்கிறேன் என்று என் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தது. பாட்டு முடியும் வரை வாசித்தேன். நிறுத்தத் தெரியவில்லை.

அன்று மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அடுத்த வாரம் நான் முதல்ல வாசிக்கிறேன். முடிச்சிட்டு உங்களப் பார்த்துத் தலையாட்டுறேன். அப்பறம் நீங்க எடுங்க. நான் வாசிக்கிற அதே சுருதியில."

"சரிம்மா. நீ சொன்னா சரி. படிச்சிட்டு வந்திருக்கே."

அடுத்த ஞாயிறு எல்லாம் நான் கேட்டபடியே நடந்தது. முன்னிசை முழுவதும் வாசித்தேன், தலையாட்டினேன். அக்கா என் சுருதியைப் பிடித்து எடுத்தார். முதல் வரி சரி. இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் அவர் குரல் கிழிந்தது. இருமினார். பின்னால் இருந்தவர்கள் ஏற முடியாமல் ஒவ்வொருவராக விட்டார்கள். ஆண்கள் முதலில், பிறகு பெண்கள். என் மகளும் அவளோடு புதுநன்மை வாங்கப் போகும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் கீச்சென்று பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரியில் அவர்களும் சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

நான் ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தேன். வகுப்பில்கூட அப்படி வாசித்ததில்லை. எல்லோரும் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஈஸ்டரில் நின்றது போலவே.

முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இத்தனை வருசமா நாங்க தப்பாவேதான் பாடிட்டு இருந்திருக்கோம் போல" என்றார். "யாரும் சொல்லல பாரேன்."

"இல்லக்கா, அப்படி இல்ல."

"மெஷினு பொய் சொல்லுமா? உன் மவ புதுநன்மைக்கு நான் எடுக்கல. டவுன்ல சுருதி தெரிஞ்ச பிள்ளைங்க இருக்கும், யாரையாச்சும் கூப்பிடு."

பக்கத்தில் நின்ற அங்கிளும் தலையை ஆட்டினார். "இல்லாட்டி பென் டிரைவ் இருக்கு. டென்ஷன் ஆகாதே லா." ஆறுதலாகத்தான் சொன்னார்கள் இருவரும்.

அன்று முழுவதும் என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. நான் வாசிக்காவிட்டால் பென் டிரைவ். நான் வாசித்தாலும் அதே அமைதி. இதற்கு வகுப்பில் சேராமலே இருந்திருக்கலாம். மகளுடைய நாளைக் கெடுக்கிறவள் நானாகவே ஆகிவிடுவேன் போலிருந்தது.

அடுத்த வகுப்புக்குப் போகும்போது கணவர் போனில் எடுத்திருந்த அந்தப் பாட்டை டீச்சரிடம் காட்டினேன். இவர்களுடைய சுருதியை எப்படித் திருத்துவது என்று கேட்டேன். அவர் பாதி கேட்டுவிட்டு, ஏன் யாரும் பாடவில்லை என்று கேட்டார். போன கிறிஸ்மஸில் எடுத்த வேறொரு வீடியோவும் போனில் இருந்தது. அதில் அந்தத் தம்பி வாசிக்கிறார், ஜனங்கள் கூரை அதிரப் பாடுகிறார்கள். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டே பியானோவில் ஒரு கட்டையைத் தொட்டார், பிறகு பக்கத்துக் கட்டை, பிறகு இன்னொன்று. நின்றுவிட்டார். பாட்டு முழுவதையும் ஓடவிட்டார். தொடங்கிய இடத்திலிருந்து அவர்கள் நகரவே இல்லை, இவ்வளவு பேர் கடைசி வரை அங்கேயே நிற்கிறார்கள், நன்றாகப் பாடுகிறார்கள் என்றார். நீ வாசிப்பதைவிடக் கீழே இருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்தது உன் விரலுக்காக, அவர்கள் தொண்டைக்காக இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. என் கீபோர்டின் படத்தைப் போனில் தேடி எடுத்து, அதில் இருக்கும் ஒரு பட்டனைக் காட்டினார். அதை அழுத்தி எண்ணைக் குறைத்தால், நான் அதே வெள்ளைக் கட்டைகளை வாசிப்பேன், சுருதி மட்டும் கீழே இறங்கி வரும். அவர்கள் இருக்கும் இடம் தெரிந்தால் போதும். ஆனால் அந்த இடம் தினமும் ஒன்றாக இருக்காதே என்று அவரே யோசித்தார். பாடகர்கள் காத்திருக்காத இடத்தில் அவர் வாசித்ததில்லை.

ஜொகூருக்குப் போன தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். மாலையில் குரல் பதிவு வந்தது. பின்னால் மோட்டார் சத்தம்.

"நான் எங்க முதல்ல வாசிச்சேன்? முதல் வரிக்கு நான் சும்மாதான் உக்காந்திருப்பேன். அக்கா எடுக்கும், சனங்க சேரும், அதுக்குள்ள சவுண்ட கம்மியா வச்சு ஒரு கட்டைய தட்டிப் பார்ப்பேன். கெடச்சா உள்ள போவேன். கெடைக்காட்டி அடுத்த சரணம். யாரும் கவனிக்க மாட்டாங்க."

பிறகு இன்னொரு பதிவும் வந்தது. "அக்கா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்தா சுருதி கீழ இருக்கும். சுங்கை செம்பிலாங் மீன் சந்தைக்குப் போய் விலைக்குச் சண்டை போட்டுட்டு வந்தா மேல இருக்கும். அதப் பார்த்துக்குங்க."

அதைப் பலமுறை கேட்டேன். வகுப்பில் நான் பழகியதெல்லாம் வீண் இல்லை, ஆனால் பழக வேண்டிய முக்கியமான ஒன்றைப் பழகவே இல்லை என்று புரிந்தது. விரலை அல்ல, காதைத்தான் பழக்க வேண்டும்.

முதலில் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, புதுநன்மைக்கு நீங்களே எடுங்க. எப்பவும் போல எடுங்க. நான் பின்னால வரேன்."

"வேணாம்மா, தப்பாப் போயிடும்."

"தப்பு இல்லக்கா. டீச்சர் வீடியோ கேட்டுட்டாங்க. நீங்க சரியாத்தான் பாடுறீங்களாம்."

"யாரு, அந்தச் சீன டீச்சரா? அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எப்படிச் சொன்னாங்க?"

"சுருதிக்குத் தமிழ் வேண்டாமாம்."

அக்கா ஒரு சட்டையை உதறி மாட்டினார். "எனக்கு அன்னிக்குத் தொண்ட வலிச்சிருச்சு தெரியுமா? ரெண்டு நாளு வலிச்சது" என்றார்.

"மன்னிச்சிருங்கக்கா."

"சரி விடு. நீ தலைய மட்டும் ஆட்டாதே. அதப் பார்த்தாலே எனக்கு வராது."

அதற்குப் பிறகு வீட்டில் நான் கட்டைகளை விட்டுவிட்டு மகளைப் பாடச் சொன்னேன். எந்தப் பாட்டு வேண்டுமானாலும், எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் எடுத்ததும் நான் சத்தத்தைக் குறைத்து வைத்து, பாட்டு வந்து அமரும் ஆதாரக் கட்டையைத் தேட வேண்டும். பிறகு பட்டனில் எண்ணை மாற்றி உள்ளே போக வேண்டும். கீபோர்டைத் திரும்பிப் பார்க்காமல் இருந்த பிள்ளைக்கு இது பிடித்துவிட்டது. வேண்டுமென்றே அடித்தொண்டையில் எடுப்பாள். நான் தேடுவதற்குள் மாற்றிவிடுவாள்.

"ஏமாத்தக் கூடாது. எடுத்த இடத்துலயே நிக்கணும்."

"அக்கா ஆண்ட்டி மட்டும் நிப்பாங்களா?"

"நிப்பாங்க."

"நீங்க ரொம்ப ஸ்லோ மா."

மெதுவாகத்தான் இருந்தேன். காரில் வானொலியில் பாட்டு வந்தால் அமரும் இடத்தை முணுமுணுத்துப் பார்ப்பேன். ஆபீசிலும் அப்படிச் செய்ததில், பக்கத்து மேசையில் இருப்பவர் என்ன என்று கேட்டார். சில நாள் உடனே கிடைக்கும், சில நாள் கிடைக்கவே கிடைக்காது. ஏன் என்று தெரியாது. தெரியாததுதான் என்னைப் பயமுறுத்தியது. விரல் தப்பு என்றால் திருத்திவிடலாம்.

புதுநன்மை ஞாயிறு அன்று சிற்றாலயம் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அக்கா முந்தின இரவு லீவு போட்டிருந்தார், மீன் வாங்கவும் போகவில்லை. ஆகவே மேலேயா கீழேயா என்று ஊகிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு அவர் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வருகைப் பாடலை எடுத்தார். ஜனங்கள் சேர்ந்தார்கள். ஒரு கட்டை, இல்லை. அடுத்தது, அதுதான். பட்டனை அழுத்தி எண்ணை இறக்கி, சத்தத்தை மெல்லக் கூட்டினேன். நான் உள்ளே வந்ததும் பாட்டு கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காணிக்கைப் பாடலுக்கு முதல் சரணம் முழுவதும் போய்விட்டது, இரண்டாவதில்தான் கிடைத்தது.

நற்கருணைப் பாடலுக்கு அக்கா எழுந்தபோது மூன்று பிள்ளைகளும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் அக்காவுக்கு என்ன ஆனதோ, நான் ஒருபோதும் கேட்காத உயரத்தில் எடுத்துவிட்டார். தேடினேன். ஒரு கட்டை பொருந்துவது போல இருந்தது, அடுத்த வரியில் பொருந்தவில்லை. வேறொன்றைத் தொட்டேன். அதுவும் இல்லை. இந்தப் பாட்டைத்தான் நான் அதிகம் பழகியிருந்தேன். இது அவளுக்கான பாட்டு. சத்தத்தைக் கூட்டி எப்படியாவது உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் விரல் குமிழில் இருந்தது.

சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு நிமிர்ந்தேன். அத்தனை உயரத்திலும் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மேலே போக முடியாதவர்கள் கீழே இறங்கி அதே பாட்டைப் பாடினார்கள். மகள் இரண்டாவதாக நின்றாள். கையை எப்படி வைக்க வேண்டும் என்று முன்னால் நின்ற பிள்ளையை எட்டிப் பார்த்தாள். பிறகு பாதருக்கு முன்னால் போனாள். வாங்கினாள். திரும்பி நடந்து வரும்போது நேராக என்னைப் பார்த்தாள். கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டேன்.

நன்றிப் பாடலுக்கு அக்கா பழைய இடத்துக்கு வந்துவிட்டார். அதை முழுவதும் வாசித்தேன்.

வெளியே பசியாறும்போது அக்கா கேட்டார், "நற்கருணைப் பாட்டுக்கு ஏன்மா விட்டுட்டே?"

"கண்டுபிடிக்க முடியலக்கா. எங்க போனீங்க?"

"எனக்கே தெரியல லா" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டார். "திரும்பக் கேட்டா போகத் தெரியாது."

காரில் மகள் கவுனைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வாசிக்கலல்ல மா. நான் பார்த்தேன்."

"ஆமா. கெடைக்கல."

"எல்லாரும் சத்தமா பாடினாங்க" என்றாள். "நல்லா இருந்துச்சு."

கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். நான் அவளுடைய கவுனில் விழுந்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.